கானாவாழையும் அதன் உறவும்: இரண்டு காட்டுச்செடிகள் எப்படி விதை வைக்கின்றன என்று சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மழை விழுந்த சில வாரங்களில் வரப்போரம், தென்னந்தோப்பு, கொல்லைப்புறம் என்று எங்கும் நீலப் பூ பூக்கும் கானாவாழை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த செடி. தாவரவியல் பெயர் கொம்மலினா பெங்காலென்சிஸ். அதற்குப் பக்கத்திலேயே, வாய்க்கால் கரை மாதிரி ஈரம் கூடிய இடத்தில், ஒடுங்கிய இலையோடு இன்னொன்று படர்ந்திருக்கும். அது கொம்மலினா டிஃப்யூசா. பலரும் இரண்டையும் கானாவாழை என்றே சொல்லிவிடுவார்கள். பூவும் ஏறத்தாழ ஒரே அச்சுதான்: காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும் நீலப் பூ.

ஆனால் பெருகும் வழி வேறு. ஒன்று மண்ணுக்கடியிலும் பூத்துக் காய்க்கும். மற்றது தண்டை நீட்டிக் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பரவும். மேலே தெரியும் பூவை மட்டும் வைத்து இவற்றின் இனப்பெருக்கத்தைப் பற்றி முடிவு சொன்னால் அது பெரும்பாலும் தவறாகவே இருக்கும். கல்லூரிச் செயல்திட்டத்துக்கோ சொந்த ஆர்வத்துக்கோ இதை ஒழுங்காகச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கான வழிமுறை இது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை செய்ய வசதியான காலம்.

1. செடியை உறுதி செய்யுங்கள்

பூவைப் பார்த்து இனம் பிரிக்காதீர்கள். பூவைத் தாங்கியிருக்கும் பச்சை மடலைப் பாருங்கள்.

கானாவாழையில் மடலின் இரு ஓரமும் அடிப்பக்கம் ஒட்டி, புனல் போல இருக்கும். மடலுக்குக் காம்பு கிட்டத்தட்ட இல்லை. தண்டு நுனியில் கொத்தாக நெருங்கி உட்கார்ந்திருக்கும். இலை முட்டை வடிவம். இலையடி தண்டைச் சுற்றியிருக்கும் உறையின் வாயில் செம்பழுப்பு மயிர் தெரியும்.

டிஃப்யூசாவில் மடலின் ஓரங்கள் ஒட்டியிருக்காது. நடுவில் மடித்த காகிதம் மாதிரி, நுனி கூர்மையாக, தெளிவான காம்போடு தனித்தனியாக நிற்கும். இலை ஈட்டி வடிவம்; செடியில் மயிர் குறைவு.

மடல் ஒட்டியிருக்கும் வேறு கொம்மலினாக்களும் உண்டு. ஆகவே ஒட்டிய மடல், காம்பின்மை, செம்பழுப்பு மயிர் மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே கானாவாழை என்று எழுதுங்கள். ஒவ்வொரு இனத்திலும் இரண்டு செடிகளை வேரோடு எடுத்து, செய்தித்தாளில் அழுத்தி, தேதியும் இடமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

2. பூவைப் பிரித்துப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். காலை ஏழு மணி வாக்கில் நன்றாக விரிந்த பூவை எடுங்கள்.

இதழ் மூன்று. மேலே இரண்டு பெரிய நீல இதழ். கீழே ஒன்று சின்னதாக, வெளிறி இருக்கும். கொம்மலின் என்ற டச்சுத் தாவரவியலாளர் குடும்பத்தில் இருவர் பேர் பெற்றார்கள், மூன்றாமவர் எதையும் சாதிக்காமல் போனார் என்பதால் லின்னேயஸ் இந்தப் பெயரை வைத்தார் என்பார்கள். பெயர் வைப்பதிலும் ஒரு குசும்பு!

மகரந்தத்தாள் ஆறு. மேலே இருக்கும் மூன்றில் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில், பெருக்கல் குறி போல விரிந்த தலை தெரியும். அவை மலட்டுத் தாள்கள். பூச்சியை இழுப்பதுதான் அவற்றின் வேலை. கீழே முன்னோக்கி நீண்டிருக்கும் மூன்றுதான் உண்மையான மகரந்தம் தருபவை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, நடுவில் சற்றே பெரிய ஒன்று. அவற்றோடு சேர்ந்து சூலகத்தண்டும் முன்னே நீண்டு வளைந்திருக்கும். தேன் கிடையாது. பூச்சிக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டுமே.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எல்லாப் பூவும் இருபாற் பூ இல்லை. மடலுக்குள் பூங்கொத்து இரண்டு கிளையாகப் பிரியும். நீண்ட காம்போடு மேல் கிளையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஆண்பூ. சூலகம் குன்றிப்போய் இருக்கும், சூலகத்தண்டும் குட்டையாக இருக்கும். அதில் என்ன செய்தாலும் காய் வராது. இதைத் தெரியாமல் சோதனையில் சேர்த்தால் ‘இந்தச் செடி மலடு’ என்று கணக்கு காட்டும். இரண்டாவது, நல்ல சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் மூன்று அறை. இரண்டில் இரண்டிரண்டு சூல் (விதையாக மாறும் பகுதி), மூன்றாவதில் ஒன்று. ஆக ஒரு பூவுக்கு 5 சூல், இரண்டு இனத்துக்கும் அதுவே. பின்னால் வரும் கணக்கு முழுக்க இந்த 5-ஐ நம்பித்தான்.

3. வேண்டிய பொருட்கள்

நுனி கூரான இரண்டு சாமணம், கைலென்ஸ், 70 சதவீத ஆல்கஹால், பஞ்சு, நீர்படா மைப்பேனா (மிக மெல்லிய முனை), ஐந்தாறு நிறத் தையல்நூல், பென்சில், குறிப்பேடு. உறைக்கு, பரிசுப்பொருள் கடையில் கிடைக்கும் சுருக்குக் கயிறு வைத்த சின்ன ஆர்கன்சா பைகள் நன்றாக வேலை செய்யும். கொசுவலைத் துணி வேண்டாம். அதன் கண்ணில் சின்னத் தேனீக்கள் நுழைந்துவிடலாம். பாலித்தீன் பை கூடவே கூடாது. உள்ளே வியர்த்து மகரந்தம் நனைந்துவிடும்.

4. யார் வந்து போகிறார்கள்?

அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரத்தை நான்கு குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பூ விரிந்ததிலிருந்து சுருங்கும் வரை, அரை மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் சதுரத்தில் எத்தனை பூ திறந்திருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். பூ எண்ணிக்கை இல்லாமல் வருகை எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

வருபவை பெரும்பாலும் கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, மிகச்சிறிய தனித்தேனீக்கள், பூ ஈக்கள். யார் வந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். உடம்பு எங்கே பட்டது என்று எழுதுங்கள். மஞ்சள் தலையைத் தேடி வரும் தேனீயின் வயிறு முன்னே நீண்ட மகரந்தப்பையிலும் சூலகத்தண்டின் நுனியான சூலகமுடியிலும் உரசினால்தான் அது சேர்க்கை. சின்ன ஈ ஒன்று மகரந்தப்பையில் மட்டும் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனால் அது திருட்டு. இரண்டையும் ‘வருகை’ என்று ஒரே பத்தியில் போடுவதுதான் இந்த மாதிரிச் செயல்திட்டங்களில் அதிகம் நடக்கும் பிழை.

5. உறையிடும் சோதனை

இதுதான் முழு வேலையின் மையம். ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது 30 பூ, அவை குறைந்தது 15 செடிகளிலிருந்து. ஆறு முறைகள்:

அ. ஒன்றும் செய்யாமல், திறந்தபடி விடுவது.
ஆ. விரியும் முன்பே உறையிட்டு, தொடாமல் விடுவது.
இ. மகரந்தப்பைகளை நீக்கி உறையிடுவது.
ஈ. அதே பூவின் மகரந்தத்தைக் கையால் தடவி உறையிடுவது.
உ. மகரந்தப்பைகளை நீக்கி, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி உறையிடுவது.
ஊ. மகரந்தப்பைகளை நீக்கி, திறந்தபடி விடுவது. பூச்சி மட்டும் எவ்வளவு செய்கிறது என்பதை இது காட்டும்.

மகரந்தப்பை நீக்கம் விடிவதற்கு முன் நடக்க வேண்டும். அன்றைக்கு விரியப்போகும் மொட்டு மடலுக்கு வெளியே தலைநீட்டியதும், தலைவிளக்கு வெளிச்சத்தில் இதழை மெல்லப் பிரித்து ஆறு தாள்களையும் எடுங்கள். மூன்று மலட்டுத் தாள்தானே, விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவற்றிலும் கொஞ்சம் மகரந்தம் இருக்கலாம். ஒவ்வொரு பூவுக்கும் இடையில் சாமணத்தை ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஈர ஆல்கஹால் சூலகமுடியைக் கருக்கிவிடும்.

மடலை அழுத்தாதீர்கள். அதற்குள் வழவழப்பான திரவம் நிறைந்திருக்கும். அடுத்தடுத்த மொட்டுகளும் பிஞ்சுகளும் அதில் ஊறிக்கொண்டிருக்கின்றன. விரல் சற்று அழுந்தினாலும் அது பிதுங்கி வந்து பூ முழுக்க ஒட்டும். மடல் கிழிந்தால் உள்ளே இருக்கும் பிஞ்சு காய்ந்துவிடும். மடலைப் பிடிக்காமல், அதற்குக் கீழே தண்டைப் பிடித்து வேலை செய்யப் பழகுங்கள்.

கையால் தடவும் வேலை காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். வெடித்த மகரந்தப்பையையே சாமணத்தில் பிடித்துச் சூலகமுடியில் இரண்டு மூன்று முறை தொட்டு, மகரந்தம் ஒட்டியிருப்பதை லென்ஸில் பார்த்து உறுதி செய்யுங்கள். தூறல் விழுந்த காலையில் செய்யாதீர்கள். நனைந்த மகரந்தம் வெடித்து வீணாகும். முடிவில் எல்லா முறையும் ஒரே மாதிரி குறைவாக வரும்.

அயல்மகரந்தத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். இரண்டுமே கணுவில் வேர்விடும், டிஃப்யூசா நிறையவே. ஐந்து மீட்டர் தள்ளி இருப்பது ‘வேறு செடி’ போலத் தெரிந்தாலும் ஒரே செடியின் தண்டாக இருக்கலாம். அப்படியானால் நீங்கள் செய்தது தன்மகரந்தச் சேர்க்கையேதான். குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி, வாய்க்கால் அல்லது சாலை குறுக்கே போகும் இடத்திலிருந்து எடுங்கள். இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாது: கானாவாழையில் 22, 44, 66 என்று வெவ்வேறு குரோமோசோம் எண்ணிக்கையுள்ள செடிகள் இருக்கின்றன. எண்ணிக்கை பொருந்தாத இரண்டைச் சேர்த்தால் விதை நிற்காமல் போகலாம். ஆகவே அயல்மகரந்தத்தை ஒரே இடத்திலிருந்து எடுக்காமல் மூன்று இடங்களிலிருந்து எடுத்து, எந்தப் பூவுக்கு எது என்று எழுதி வையுங்கள். ஒரு இடத்து மகரந்தம் மட்டும் தொடர்ந்து தோற்றால் காரணத்தை அங்கே தேடலாம். இரண்டு இனங்களுக்கிடையே கலப்பு வருமோ என்ற கவலை வேண்டாம். டிஃப்யூசாவின் எண்ணிக்கை பொதுவாக 30, அடிப்படைக் குரோமோசோம் தொகுதியே வேறு.

அடுத்தது, பலர் சறுக்கும் இடம். மதியம் பூ சுருங்கியதும் காம்பு வளைந்து மடலுக்குள் திரும்பிப் போய்விடும். காய் உள்ளேயேதான் முற்றும். ஓரிரு நாளில் அதே மடலிலிருந்து அடுத்த பூ வரும். போதாததற்கு, கானாவாழையின் மடலுக்குள் வெளியே வராமலே, விரியாமலே தனக்குத்தானே சேர்ந்து காய்க்கும் மூடிய பூக்களும் உண்டு. மூன்று வாரம் கழித்து மடலைப் பிரித்து ஒரு காயைப் பார்த்து ‘என் பூ காய்த்துவிட்டது’ என்று எழுதினால் அது உங்கள் பூவின் காயாக இல்லாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு.

இதற்குத் தீர்வு: சோதனை செய்த அன்றே, பூ உள்ளே போவதற்கு முன், அதன் காம்பில் நீர்படா மையால் ஒரு புள்ளி வையுங்கள். முறைக்கேற்ற நிற நூலை மடலுக்குக் கீழே கட்டுங்கள். அதன்பின் அந்த மடலில் தலைநீட்டும் ஒவ்வொரு பூவையும் விடிகாலையிலேயே கிள்ளிவிடுங்கள். அறுவடையில் மைப்புள்ளி உள்ள காம்பின் காயை மட்டும் எண்ணுங்கள். ‘இ’ முறையில், மைப்புள்ளியுள்ள காம்பில் காய் வந்தால் மகரந்தப்பை நீக்குவதில் கை தவறுகிறது, அல்லது மொட்டிலேயே சேர்க்கை நடந்துவிடுகிறது. அதைச் சரிசெய்யும் வரை மற்ற எண்களை நம்ப வேண்டாம்.

உறையை நாள்கணக்கில் விட்டுவைக்கவும் தேவையில்லை. பூவின் ஆயுள் ஒரு காலைதான். அன்று மாலையே எடுத்துவிடலாம். விட்டால் மடலின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பத்தாம் நாள் மறுபடி உறையிடுங்கள், இந்தத் தடவை விதை சிந்தாமல் பிடிக்க. காய் முற்ற ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வாரம். எறும்பு தொல்லை உள்ள இடத்தில் உறையின் வாயை நூலால் இறுக்கிக் கட்டுங்கள்.

‘ஆ’ முறையில் காய் நன்றாக வந்தால் ஒரு கேள்வி மிஞ்சும்: பூச்சியில்லாமல் சேர்க்கை எப்போது நடந்தது? கொம்மலினாக்களில் பூ சுருங்கும்போது மகரந்தத்தாளும் சூலகத்தண்டும் சேர்ந்து உள்நோக்கிச் சுருள்வதுண்டு. அப்போது சொந்த மகரந்தம் சூலகமுடியில் உரசிவிடும். காலை முழுக்கத் தேனீக்காகக் காத்திருந்து, வராவிட்டால் கடைசியில் தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு. உறையிட்ட இன்னொரு 30 பூவில், சுருங்கத் தொடங்கும் முன், ஒன்பது மணிக்கு மகரந்தப்பைகளை நீக்குங்கள். அவற்றில் காய் வெகுவாகக் குறைந்தால் சேர்க்கை நடப்பது சுருளும் நேரத்தில்தான். குறையாவிட்டால் அதற்கு முன்பே, மொட்டிலோ விரியும்போதோ நடந்திருக்கிறது.

6. மண்ணுக்குள்ளே

கானாவாழையின் அடித்தண்டிலிருந்து வெளிறிய, இலையற்ற தளிர்கள் மண்ணுக்குள் இறங்கும். அவற்றில் வரும் பூ ஒருபோதும் விரியாது; வெளிச்சமும் பூச்சியும் இல்லாமல் உள்ளேயே சேர்ந்து காயாகிவிடும். மேலே நீலப் பூ வரும் முன்பே கீழே இந்த வேலை வழக்கமாகத் தொடங்கிவிடும். களை எடுப்பவர்கள் பூக்கும் முன் பிடுங்கிவிட்டோம் என்று நினைத்து ஏமாறுவது இதனால்தான்.

மேல்தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள், தளிர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். செடியைச் சுற்றி 15 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்கட்டியோடு மண்வெட்டியால் பெயர்த்து எடுங்கள். வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு, 2 மில்லிமீட்டர் சல்லடையில் மெல்ல அலசுங்கள். அந்தக் கண்ணில் சின்ன விதை நழுவிவிடக்கூடும் என்பதால் கீழே ஒரு மெல்லிய துணியை விரித்துக்கொள்ளுங்கள். பத்துச் செடி போதும். மேல்காய், கீழ்காய் இரண்டையும் தனித்தனியே எண்ணுங்கள். மேல்காயில் 5 விதை வரை: ஒன்று பெரியது, நான்கு சிறியவை. கீழ்காயில் 3: ஒன்று பெரியது, இரண்டு சிறியவை. ஆக ஒரே செடி நான்கு வகை விதை வைக்கிறது.

டிஃப்யூசாவையும் இதே போலத் தோண்டிப் பாருங்கள். நிலத்தடிப் பூ இருக்காது. அதில் எண்ண வேண்டியது கணு. ஒரு மீட்டர் தண்டை எடுத்து, மொத்தக் கணு எத்தனை, வேர்விட்டவை எத்தனை என்று பாருங்கள். பிறகு இரண்டு இனத்திலும் ஒரு கணு உள்ள துண்டுகள் இருபது வெட்டி ஈரமணலில் நட்டு, 14 நாளில் எத்தனை துளிர்க்கின்றன என்று ஒப்பிடுங்கள்.

7. கணக்கு

ஒவ்வொரு முறைக்கும் இரண்டு எண்: காய்த்த பூவின் விகிதம், ஒரு பூவுக்கு நின்ற விதை (உச்சம் 5). 30 பூவென்றால் 150 சூல். எத்தனை விதையானது என்று சொல்லலாம்.

‘ஈ’-யின் விதையை ‘உ’-வின் விதையால் வகுத்தால் தன்மகரந்தத்தை ஏற்கும் திறன். 0.2-க்குக் கீழே போனால் செடி சொந்த மகரந்தத்தைப் பெரும்பாலும் ஒதுக்குகிறது. 1-ஐ ஒட்டி இருந்தால் பேதம் பார்ப்பதில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த டிரடஸ்கான்ஷியாவின் பல இனங்கள் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை, ஆகவே குடும்பத்தை வைத்து ஊகிக்க முடியாது. ‘ஆ’-வை ‘உ’-வால் வகுத்தால் பூச்சியின்றித் தானே சமாளிக்கும் திறன். 1-இலிருந்து ‘அ/உ’-வைக் கழித்தால் மகரந்தப் பற்றாக்குறை.

‘ஆ’ உயர்ந்து வந்ததும் ‘இந்தச் செடிக்குத் தேனீ வேண்டாம்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘ஊ’-வைப் பாருங்கள். அதிலும் காய் நிறைய இருந்தால் வேறு பூக்களின் மகரந்தம் வயலில் நன்றாகவே வந்து சேருகிறது. தன்சேர்க்கை வெறும் காப்பு ஏற்பாடாக இருக்கலாம்.

8. மகரந்தத்துக்கும் சூலுக்கும் உள்ள விகிதம்

ஒரு சூலுக்கு எத்தனை மகரந்தம் என்ற இந்த எண், செடி தன்சேர்க்கையை எவ்வளவு நம்புகிறது என்பதற்கு ஒரு தடயம். நேரம் இருந்தால் செய்யலாம். விரியாத மொட்டு ஒன்றின் மூன்று வளமான மகரந்தப்பைகளை 1 மில்லி தண்ணீரில், ஊசிமுனை அளவு பாத்திர சோப்புத் திரவம் சேர்த்து நசுக்கிக் குலுக்குங்கள். இன்சுலின் சிரிஞ்சால் 0.01 மில்லி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, நுண்ணோக்கியில் முழுத்துளியையும் எண்ணுங்கள். ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் ஒரு மில்லிக்கு 100 அலகு, ஒரு அலகே 0.01. நம்மூர் மருந்துக்கடையில் சிவப்பு மூடியும் கிடைக்கும். அதில் மில்லிக்கு 40 மட்டுமே. மாற்றி எடுத்தால் விடை இரண்டரை மடங்கு பிசகும். பத்துத் துளியின் சராசரியை 100-ஆல் பெருக்கி 5-ஆல் வகுங்கள். சராசரி 30 என்று வைத்துக்கொண்டால் பூவுக்கு 3000 மகரந்தம், விகிதம் 600.

1977-இல் தாவரவியலாளர் ராபர்ட் க்ரூடன் இந்த விகிதத்துக்கு வெளியிட்ட சராசரிகள்: மூடிய பூக்களுக்கு 4.7, முழுத் தன்சேர்க்கைக்கு 27.7, பெரும்பாலும் தன்சேர்க்கைக்கு 168.5, பெரும்பாலும் அயற்சேர்க்கைக்கு 796.6, முழு அயற்சேர்க்கைக்கு 5859.2. இவற்றைக் கோடு போட்ட எல்லையாக எடுக்காதீர்கள். கொம்மலினாவில் மகரந்தமே பூச்சிக்குச் சாப்பாடு என்பதால் எண் இயல்பாகவே கூடும். ஆண்பூக்களின் மகரந்தத்தையும் சேர்த்தால் இன்னும் ஏறும். பயன் எங்கே என்றால், ஒரே செடியின் திறந்த பூவையும் நிலத்தடிப் பூவையும் ஒப்பிடுவதில். கீழ்ப்பூவில் வகுக்க வேண்டிய சூல் 5 அல்ல, 3.

9. முளைப்பு

நான்கு வகைக் கானாவாழை விதையும், டிஃப்யூசா விதையும், வகைக்கு 25 வீதம், ஈரத் தாள் விரித்த மூடிய தட்டுகளில் வையுங்கள். 30 நாள், தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். கானாவாழையில் நிலத்தடிப் பெரிய விதைதான் வேகமாகவும் அதிகமாகவும் முளைக்கும். மேல்காயின் சின்ன விதை பெரும்பாலும் அசையாது. அது செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். இன்னொரு தொகுதி 25 விதையை எடுத்து, விதையுறையின் ஓரத்தைக் கத்திமுனையால் லேசாகச் சீவி வைத்துப் பாருங்கள். கரு உயிரோடு உறக்கத்தில்தான் இருந்திருக்கிறது என்பது தெரியும். சீவும்போது விதையில் வட்டமாக ஒரு மூடி போலத் தெரியும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் சீவுங்கள், அந்த மூடிக்குக் கீழேதான் கரு இருக்கிறது. வேலை முடிந்ததும் மிஞ்சிய விதையையும் அலசிய மண்ணையும் தோட்டத்தில் கொட்டாமல் கொதிநீர் ஊற்றி அப்புறப்படுத்துங்கள்.